‘இன்டர்நீசைன்’ என்ற சொல்லில் ‘இடையே’ எங்கே இருக்கிறது?

கேள்வி. 9 ஜூன் 2024, காலை 8.10

பழைய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஊர்கள் மோதிய போரை ‘இன்டர்நீசைன்’ (internecine) போர் என்கிறார் ஆசிரியர். ‘இன்டர்’ என்றால் இடையே. ஆகவே தமக்குள் நடக்கும் சண்டை, உட்பூசல் என்று எழுதிவிட்டேன். கைப்பிரதியைப் படித்த நண்பர், ‘அழிவு எங்கே போயிற்று?’ என்று கேட்கிறார். அந்தச் சொல்லில் அழிவு இருக்கிறதா, அல்லது அவர் என்னைக் குழப்புகிறாரா?

பதில். 9 ஜூன், இரவு 9.40

நண்பர் சொல்வதுதான் சரி. ஆதியில் அந்தச் சொல்லில் அழிவைத் தவிர வேறெதுவும் இல்லை. ‘இடையே’ என்பது பின்னால் வந்து திண்ணையில் உட்கார்ந்து, பிறகு வீட்டையே எழுதி வாங்கிக்கொண்ட விருந்தாளி.

லத்தீனில் ‘நெக்ஸ்’ என்றால் கொலை, ‘நெகாரே’ என்றால் கொல்லுதல். அதன் முன்னால் ‘இன்டர்’ சேர்ந்தால் மிச்சம் வைக்காமல் கொல்லுதல். ரோமானியர் ‘பெல்லும் இன்டர்நெகீனும்’ என்று சொன்னது எதிரியைப் பூண்டோடு தீர்க்கும் போரை. ஒரு தரப்பு முழுக்கச் செத்து, மறு தரப்பு ஒரு கீறலும் இல்லாமல் ஊர் திரும்பினாலும் அந்தப் பெயர் பொருந்தும்.

இங்கே ‘இன்டர்’ வினையை முற்றுப்பெறச் செய்கிறது. லத்தீனில் ‘இன்டர்ஃபிகெரே’ என்றால் கொன்றுவிடுதல். ‘இன்டர்இரே’ என்றால் அழிந்துபோதல். அவற்றில் யாருக்கும் யாருக்கும் ‘இடையே’?

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் சாமுவேல் பட்லர். 1663இல் வந்த ‘ஹூடிபிராஸ்’ என்னும் நையாண்டிக் காவியத்தில், நாயைக் கும்பிட்ட எகிப்தியர் அந்த மதத்துக்காக இன்டர்நீசைன் போர் புரிந்தார்கள் என்று எழுதினார். அவர் நினைத்தது லத்தீன் பொருளைத்தான். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில், ஒருவரையொருவர் அழிக்க முயல்வது என்று பொருள் போட்டார். ‘இன்டர்’ அவரை ஏமாற்றிவிட்டது. உங்களையும்தான்.

10 ஜூன், காலை 6.15

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. ஜான்சன் தம் பொருளுக்கு எடுத்துக்காட்டாகப் போட்டது பட்லரின் அதே எகிப்திய வரியைத்தான். அந்த வரியில் இரண்டு பொருளும் உட்கார இடம் இருக்கிறது, அதுதான் வினை. வேடிக்கை என்னவென்றால், 1674 பதிப்பில் பட்லர் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு ‘கடுமையும் வெறியும் கொண்ட போர்’ என்னும் பொருளில் வரியை மாற்றிவிட்டார். பெற்றவன் கைவிட்ட பிள்ளையை அகராதிக்காரர் தூக்கி வளர்த்தார், தவறான பெயர் சூட்டி.

ஜான்சனைத் திட்ட வேண்டாம். ஏறக்குறைய 42,000 சொற்களை, கூலிக்குப் படியெடுத்த சில எழுத்தர்களைத் தவிர வேறு துணையின்றி விளக்கிய மனிதர். குதிரையின் குளம்புக்கு மேலுள்ள பகுதியை முழங்கால் என்று எழுதியது ஏன் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, ‘அறியாமை அம்மா, சுத்த அறியாமை’ என்றாராம். இந்தச் சொல்லைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

12 ஜூன், மாலை 4.30

இவ்வளவு லத்தீன் எங்கே படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படிக்கவில்லை. திட்டு வாங்கித் தெரிந்துகொண்டேன்.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், முப்பத்தொரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் கட்சிக்காரர் பேசுவது தமிழ், அரசாங்கக் காகிதம் மலையாளம், வக்கீல் எழுதுவது ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவே பாலம் குமாஸ்தாதான். கேரளத்தில் ‘ஆதாரம்’ என்றால் சொத்துப் பத்திரம். பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு கட்சிக்காரரிடம் ‘ஆதாரம் எடுத்துக்கொண்டு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டேன். சாட்சியம் கேட்கிறோம் என்று நினைத்து ரேஷன் அட்டையும் மின்கட்டண ரசீதும் மாமனாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இந்தக் காலமாக இருந்தால் ஆதார் அட்டையை நீட்டியிருப்பார்.

என் சீனியர் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாதிரியாராகப் போகிறேன் என்று செமினரியில் சேர்ந்து, மூன்று வருடத்தில் மனம் மாறித் திரும்பியவர். சட்டத்துக்கு முன்பே லத்தீன் அவருக்குள் இறங்கிவிட்டது. ஒரு பாகப்பிரிவினை வழக்கில் எதிர்த்தரப்புக்கு அனுப்பிய ஆங்கில நோட்டீசில் இந்தச் சொல்லை எழுதியிருந்தார். கட்சிக்காரருக்குப் படித்துக்காட்டுவதற்காக நான் தமிழாக்கினேன். ‘சகோதரர் இருவருக்கும் இடையிலான தகராறு’ என்று போட்டேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு வயிறு கலங்கும்.

‘தகராறு என்று எழுத எனக்கு ஆங்கிலம் தெரியாதா? இது கொலைச் சொல். உங்கள் ஊர் நாசம்தான் இதற்குள் இருக்கிறது’ என்றார்.

நாசம் என்றதை வசவு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் சொன்னது வேர்ச்சொல்லை என்பது சாயங்காலம் தேநீர்க் கடையில்தான் புரிந்தது. லத்தீன் நெக்ஸ், கிரேக்கத்தில் பிணத்தைக் குறிக்கும் ‘நெக்ரோஸ்’, வடமொழி நாசம் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

12 ஜூன், இரவு 10.05

அதே குடும்பத்தில் இன்னும் சிலர்: கேடு விளைவிப்பது என்னும் ‘பெர்னிஷஸ்’, ‘நாக்ஷஸ்’, தீங்கு செய்யாதது என்று பொருள்படும் ‘இன்னாகுவஸ்’. பிரெஞ்சில் நெகாரே இளைத்து ‘நுவாயே’ ஆயிற்று; பொருளும் சுருங்கி, நீரில் மூழ்கடித்துக் கொல்லுதல் மட்டும் மிஞ்சியது. உடலுக்குக் கேடானது என்னும் ‘டெலிடீரியஸ்’, அழித்தல் என்னும் ‘டெலிட்’ இரண்டும் வேறு குடும்பம், ஆனால் அவை தமக்குள் அண்ணன் தம்பி.

13 ஜூன், காலை 7.00

கடைசி வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன். டெலிட் லத்தீன், ‘டெலேரே’ என்னும் துடைத்தழித்தலிலிருந்து வந்தது. டெலிடீரியஸ் கிரேக்கம், காயப்படுத்துதல் என்னும் வினையிலிருந்து. முகஜாடை ஒன்றாக இருக்கிறதே தவிர உறவே இல்லை. ஜான்சனைப் பார்த்துச் சிரித்த மூன்றாம் நாளே நானும் அதே பள்ளத்தில் விழுந்தேன். திருத்தாமல் மேலே அப்படியே விட்டுவைக்கிறேன், கிடக்கட்டும்.

16 ஜூன், பிற்பகல் 2.20

நாசத்தைப் பற்றிக் கேட்டவருக்கு.

தமிழில் ‘நாசமாய்ப் போ’ என்றால் அது முழுச் சாபம். மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு சொல்வது. எல்லையைத் தாண்டினால் அதே சொல் பாதி எடைதான். எங்கள் பால்காரர் மலையாளி. கேன் மூடி உருண்டு சாக்கடைக்குப் போனால் ‘நாசம்’ என்பார், மழை பிடித்தால் ‘நாசம்’ என்பார், மருமகன் வந்தாலும் அதேதான். கல்யாணமாகி உடுமலையிலிருந்து வந்த என் மனைவி முதல் வாரம் அவர் நம்மைச் சபிக்கிறார் என்று நினைத்து வேறு பால்காரரைப் பார்க்கச் சொன்னாள்.

அழிப்பதும் அப்படித்தான். மலையாளத்தில் ‘அழிக்குக’ என்றால் கட்டை அவிழ்ப்பது. எனக்குப் பத்து வயதில், பக்கத்து வீட்டு அம்மச்சி வாசலில் நின்று ‘பசுவினே அழிச்சு விடு மோனே’ என்றார். பசுவை அழிப்பதா! நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொல்ல, அம்மா பதறி வெளியே வர, அம்மச்சி இருவரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு தாமே போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பசு தன் பாட்டில் மேய்ந்தது.

‘டிசாஸ்டர்’ எங்கள் பக்கத்துக்கு மிக எளிதாகப் புரியும். கெட்ட நட்சத்திரம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். மலையாளத்தில் ‘கிரகப்பிழை’ என்பார்கள். மொழிபெயர்ப்பே தேவையில்லை.

17 ஜூன், காலை 6.50

சீனியர் பற்றி இன்னொன்று. ‘இன்டர்’ கூட நமக்கு அயலான் அல்ல, வடமொழி ‘அந்தர்’ அதன் உடன்பிறப்பு என்பார். உள்ளே, இடையே என்பதுதான் அதற்கும் பொருள். ஆனால் ‘அந்தர்த்தானம் ஆனான்’ என்றால் மறைந்துபோனான் என்கிறோம், இடையில் நின்றான் என்று யாரும் சொல்வதில்லை. அன்று ஒரு துண்டுக் காகிதத்தில் ‘அந்தர்நாசம்’ என்று எழுதி, ‘இந்தா, எழுத்துக்கு எழுத்து சரி’ என்று என்னிடம் கொடுத்தார்.

தயவுசெய்து அதை யாரும் பயன்படுத்த வேண்டாம். தமிழில் அதைப் படிப்பவர் எல்லாரும் உள்ளுக்குள் நடக்கும் நாசம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். ஜான்சனுக்கு நேர்ந்ததே மறுபடி நேரும்.

21 ஜூன், இரவு 8.45

‘தவறான பொருள் என்று தெரிந்த பிறகும் அதையே பயன்படுத்துவது படித்தவர்களுக்கு அழகா?’ என்று ஒருவர் காட்டமாகக் கேட்டிருக்கிறார். நானும் பல வருடம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தொழிலில் ஒரு சொல் பிசகினால் ஒரு வரப்பு நகர்ந்துவிடும். ஆனால் அந்தப் பாகப்பிரிவினை வழக்கை முழுக்கப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம்.

அண்ணன், தம்பி. நடுவில் ஒரு கிணறு, இரு பக்கமும் தென்னை. அப்பா கண் மூடும் முன்பே பாகம் பிரித்து ஆதாரம் எழுதிவைத்துவிட்டார். ஒற்றைப்படைத் தேதியில் பெரியவன் தண்ணீர் இறைத்துக்கொள்ள வேண்டியது, இரட்டைப்படைத் தேதியில் சின்னவன். படித்தால் நியாயமாகத்தான் இருக்கும். எழுதிய மனிதர் மாதக் கடைசியை யோசிக்கவில்லை. முப்பத்தொன்றும் ஒற்றைப்படை, மறுநாள் ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை. அண்ணனுக்குத் தொடர்ந்து இரண்டு நாள் தண்ணீர். வருடத்தில் ஏழு முறை. லீப் வருடத்தில் பிப்ரவரி இருபத்தொன்பதையும் சேர்த்தால் எட்டு.

முதல் இரண்டு வருடம் தம்பி பேசவில்லை. மூன்றாம் வருடம் மார்ச் முப்பத்தொன்று இரவு பம்பின் ஃபியூஸ் காணாமல் போயிற்று. அண்ணி ஒரு வார்த்தை சொன்னாள். பிறகு தம்பி வீட்டில் மூத்த பெண்ணின் சடங்குக்குப் பெரியப்பாவை அழைக்கவில்லை. பிறகு நாங்கள்.

பதினோரு வருடம் வழக்கு நடந்தது. இடையில் நான்கு முறை ராஜி பேசினோம். ஒரு முறை நானே, சீனியருக்குத் தெரியாமல், நாள்முறைக்குப் பதில் கிழமைமுறை வைத்துக்கொள்ளலாமே என்றேன். வாரத்துக்கு ஏழு நாள், ஏழாவது நாள் யாருக்கு என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அந்தப் பதினோரு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். வழக்குச் செலவுக்கு அண்ணன் கிழக்குப் பாதியை விற்றார், அடுத்த வருடம் தம்பி மேற்குப் பாதியை விற்றார். இரண்டையும் வாங்கியவர் ஒரே ஆள். அவர் ஆழ்துளைக் கிணறு போட்டு, பழைய கிணற்றுக்குக் கம்பிவலை போட்டு மூடிவிட்டார்.

இதற்கு என்ன பெயர் வைப்பது? ஒருவன் இன்னொருவனைத் தீர்த்துக்கட்டவில்லை, ஆகவே ரோமானியப் பொருள் பொருந்தாது. வெறும் பூசல் என்றால் போதாது. ஜான்சன் தவறுதலாகத் தைத்த சட்டைதான் அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. சீனியர் நோட்டீசில் எழுதியபோது எந்தப் பொருளை நினைத்தார் என்று கேட்காமல் விட்டுவிட்டேன். கேட்டிருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

22 ஜூன், காலை 5.55

தூக்கம் வரவில்லை. புறநானூற்று 45ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. சோழன் நெடுங்கிள்ளி உறையூர்க் கோட்டைக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறான், இன்னொரு சோழன் நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருக்கிறான். புலவர் கோவூர்கிழார் நடுவில் போய் நிற்கிறார். எதிரே நிற்பவன் பனம்பூ சூடிய சேரன் அல்லன், வேம்பு சூடிய பாண்டியன் அல்லன், உன் தலையில் சூடிய கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி என்கிறார். யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. அப்புறம் ஒரு வரி: ‘இருவீர் வேறல் இயற்கையும் அன்றே.’ இருவரும் வெல்வது நடக்கிற காரியம் இல்லை.

அதோடு முடிக்கவில்லை அவர். உங்களைப் போன்ற மற்ற வேந்தர்களுக்கு இந்தச் சண்டை உடல் பூரிக்கும் மகிழ்ச்சியைத் தரும் என்கிறார். தென்னந்தோப்பு இரண்டு பாதியையும் வாங்கியவரின் முகம் எனக்குக் கண்முன் வருகிறது. பத்திரப் பதிவு அன்று எல்லாருக்கும் அவர்தான் வடையும் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

22 ஜூன், இரவு 9.10

ரோமானியரின் முழு அழிவு, ஜான்சனின் இருதரப்பு அழிவு, இன்றைய செய்தித்தாளின் உட்பூசல் என்று மூன்று பொருளும் கலந்து குழம்புகிறது என்கிறார்கள். எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

சித்தூர் பகவதி கோயிலில் மாசியில் கொங்கன்படை நடக்கும். கொங்கு நாட்டு அரசன் படையெடுத்து வந்தபோது பகவதியே களத்தில் இறங்கி அவனைக் கொன்றாள் என்பது ஐதீகம். தமிழ் பேசும் எங்களைப் பொறுத்தவரை கொஞ்சம் சங்கடமான திருவிழா, ஏனென்றால் தோற்கிற கொங்கன் எங்கள் வகையறா. ஆனாலும் பொரி வாங்கிக்கொண்டு முன்வரிசையில் நிற்போம். வந்த படையில் ஒருவரும் திரும்பவில்லை என்று வைத்துக்கொண்டால், ரோமானியர் அதை இன்டர்நீசைன் என்பார்கள். ஜான்சன் சம்மதிக்கமாட்டார், இந்தப் பக்கம் அழிவு இல்லையே. இன்றைய செய்தித்தாளும் சம்மதிக்காது, வந்தவன் வெளியாள்.

உறையூர் முற்றுகையை ஜான்சனும் ஒப்புவார், செய்தித்தாளும் ஒப்பும். ஒரே குடி, இரு பக்கமும் சேதம்.

மூவரும் ஒரே காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடியது மகாபாரதத்தின் பதினாறாம் பருவமான மௌசல பருவம். பாரதப் போர் முடிந்து முப்பத்தாறாம் ஆண்டு, பிரபாசக் கடற்கரையில் யாதவர் குடித்துவிட்டுக் கோரைப்புல்லைப் பிடுங்கி ஒருவரையொருவர் அடிக்க, புல் இரும்புலக்கை ஆகிறது. குலத்தில் பெரும்பாலும் ஆள் மிஞ்சவில்லை. முழு அழிவு, இருதரப்பு அழிவு, உள்வீட்டு அழிவு. பட்லர் நாயைக் கும்பிடும் எகிப்தியரை விட்டுவிட்டு இதைப் பாடியிருந்தால் ஜான்சன் எப்படிப் பொருள் எழுதியிருந்தாலும் தப்பாகியிருக்காது.

24 ஜூன்

உச்சரிப்பு: பிரிட்டிஷார் ‘இன்டர்நீசைன்’, அமெரிக்கர் பெரும்பாலும் ‘இன்டர்நெசீன்’. 1926இல் ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு நூலில், இந்தச் சொல்லுக்கு லத்தீன் பொருளும் கிடைக்கவில்லை, ஒழுங்கான உச்சரிப்பும் கிடைக்கவில்லை என்று அங்கலாய்த்தார். எனக்கு எப்படிச் சொன்னாலும் சரி.

30 ஜூன், மாலை 6.30

முன்னொட்டு ஏமாற்றுவது ஆங்கிலத்தில் மட்டுமா என்று கேட்டவருக்குத் தாமதமான பதில். ‘விதவை’யை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வி’ என்றால் இல்லாமை, ‘தவ’ என்றால் கணவன், ஆகவே கணவன் இல்லாதவள் என்று பாடம் சொல்வார்கள். உண்மையில் அது பிரிக்க முடியாத ஒரே சொல். லத்தீன் ‘விதுவா’, ஆங்கில ‘விடோ’ எல்லாம் அதன் உறவு. ‘வி’யைப் பிய்த்து எடுத்த பிறகு மிஞ்சிய துண்டுக்குத்தான் கணவன் என்று பொருள் கொடுத்தார்கள். மனைவியை வைத்துக் கணவனைக் கண்டுபிடித்த கதை.

அதே கணக்கில் ‘விநாசம்’ என்பதை நாசம் இல்லாமை என்று சொல்லியிருக்க வேண்டும். அங்கே மட்டும் ‘வி’ மிகுதியைக் காட்டுகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ‘இன்டர்நீசைன்’ விஷயத்தில் ஜான்சனுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு ஞானம்தான்.

7 ஜூலை, காலை 9.25

கேள்வி கேட்டவர் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, ‘எல்லாம் சரி ஐயா, நான் என்ன எழுதட்டும்?’ என்கிறார்.

இன்றைய அரசியல் செய்தி என்றால் உட்பூசல் போதும். இரு பக்கமும் உருக்குலைந்த சண்டை என்றால் ‘இரு தரப்பையும் தின்ற போர்’ என்று விரித்து எழுதுங்கள், ஒற்றைச் சொல்லுக்கு அலையாதீர்கள். பழைய பொருள் என்றால் வேரறுக்கும் போர், பூண்டறுக்கும் போர். எது என்பதை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை அடுத்து என்ன எழுதியிருக்கிறார்?

7 ஜூலை, பிற்பகல் 1.15

அடுத்த வரியை இப்போது அனுப்பியிருக்கிறார். ‘தோற்ற ஊரில் கைக்குழந்தைகூட மிஞ்சவில்லை, வென்றவர்கள் அவர்களுடைய நிலத்தில் திராட்சை நட்டார்கள்.’

வேரறுக்கும் போர். இந்த வரியை ஜூன் ஒன்பதாம் தேதியே போட்டிருந்தால், நான் புறநானூற்றை எடுக்காமல் தூங்கியிருப்பேன்.